இரண்டாம் முறை வந்த ஜட்ஜம்மா

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் லிஃப்ட்காரர் முதலில் கேட்பது "சாப்பிட்டீங்களா" அல்ல, "கோபுரம் பாத்தாச்சா" என்பதுதான். கேட்டுக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை ஒருமுறை வாரிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து மீட்டரக்கா இதைப் பார்த்து வருகிறாள். ஊர் நடுவே நிற்கும் பார்வைக் கோபுரத்தின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. மேலே போனதும் விருந்தாளிகள் ஊரைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் திரும்பி நின்று, லிஃப்ட் கதவு சத்தமில்லாமல் மூடுகிறதா என்று பார்ப்பார்.

மீட்டரக்கா அவருடைய மனைவி. குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கும் வேலை என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீடு வீடாகப் போய், படிக்கட்டுக்கு அடியிலும் சுவரோரத்திலும் குனிந்து, மீட்டரின் கண்ணாடியைத் துடைத்து எண்ணைப் படித்துவிட்டு வருவாள். எந்த வீட்டில் நாயைக் கட்டியிருப்பார்கள், எந்த வீட்டில் கட்டியிருப்பதாகப் பொய் சொல்வார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வளவளவென்று பேச மாட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் விட மாட்டாள்.

அவளுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவனைப் படிக்கவைத்து ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஆக்கியது அவள்தான். வேலை கற்றவன் தொலைவில் ஒரு சின்ன ஊரில் கடை போட்டான், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். அவன் மனைவியை அந்த ஊரே ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடும். மாமியார் மருமகள் சண்டை, பாலில் தண்ணீர் கலந்த சண்டை, பக்கத்து வீட்டு மரம் இலை கொட்டுகிற சண்டை, எல்லாம் அவள் வாசலுக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் கேட்பாள், நடுவில் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடிப்பாள், கடைசியில் தீர்த்து அனுப்புவாள்.

கல்யாணமான புதிதில் அவளை இங்கே அழைத்துவந்து லிஃப்ட்காரர் ஊரைச் சுற்றிக் காட்டினார். கோபுரம், மியூசியம், மிருகக்காட்சி சாலை, கலர் விளக்கு போட்ட நீரூற்று என்று ஒன்று பாக்கியில்லை. புதுச் செருப்பு கடித்து ஜட்ஜம்மாவின் குதிகால் பழுத்துவிட்டது. ஊர் திரும்பும்போது ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்:

"எல்லாம் பெருசாத்தான் இருக்கு அண்ணி. ஆனா இந்த ஊர்ல மனுஷங்க யாராச்சும் குடியிருக்காங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மீட்டரக்காவும் சிரித்தாள். ஆனாலும் அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்றது. தினமும் மனுஷர்கள் குடியிருக்கும் வீடுகளுக்குள்ளேயே நுழைந்து வருகிறவள் அவள். அதில் ஒன்றைக்கூட இவளுக்குக் காட்டவில்லையே!

ஐந்து வருடம் கழித்துத் தம்பியிடமிருந்து போன் வந்தது. இங்கே ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு நிரந்தர வேலை தருகிறார்களாம். வருகிற சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"எனக்கு வரணும்னுதான் இருக்கு அக்கா. அவதான் பிடி கொடுக்க மாட்டேங்குறா. ஒரு வாரம் கூட்டிட்டு வரேன். அவ சரின்னா சரி, இல்லேன்னா விட்டுடுவேன். இனி உன் சாமர்த்தியம்."

"என்னடா சாமர்த்தியம்? அவ என்ன சின்னப் புள்ளையா, மிட்டாய் காட்டிக் கூப்பிட?"

தம்பி ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்ற ஆசையை அவள் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் இந்த ஊர்மேல் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ஊர் நல்ல ஊர்தான். காட்டிய விதம்தான் கோணல்.

"இந்தத் தடவை கோபுரம் கிடையாது" என்று புருஷனிடம் கறாராகச் சொன்னாள்.

"கோபுரம் பாக்காம எப்படி?"

"அதான் போன தடவையே பாத்தாளே."

"போன தடவை மூணாவது லிஃப்ட் ஓடல. இப்ப ஓடுது."

"அப்ப நீங்க போய் அதுல ஏறி இறங்கிட்டு வாங்க. நாங்க வேற வேலையா போறோம்."

தம்பியும் ஜட்ஜம்மாவும் வந்ததும், முதல் நாள் ரயில் நிலையக் குடோனுக்கு அழைத்துப் போனாள். ரயிலில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களை அங்கே ஏலம் விடுவார்கள். குடைகள், ஊன்றுகோல்கள், ஒரு மிருதங்கம், மூடி திறக்காத சூட்கேஸ்கள். மீட்டரக்காவுக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். எதையும் வாங்க மாட்டாள், வேடிக்கை பார்ப்பதோடு சரி. ஜட்ஜம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எவனோ பறிகொடுத்த பொட்டி. இதுல நமக்கு என்ன சந்தோஷம் அண்ணி? வீட்ல போய் எவ்வளவு திட்டு வாங்கினானோ பாவம்."

மறுநாள் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும் பஸ்ஸில் ஏற்றினாள். துறைமுகச் சுவர், ஆஸ்பத்திரி, பாத்திரக் கடைகள், கல்லூரி, செங்கல் சூளை என்று ஊர் முழுக்க ஜன்னலில் ஓடிக்கொண்டே வரும். கோபுரத்தில் ஏறினாலும் இவ்வளவு தெரியாது. ஜட்ஜம்மா பாத்திரக் கடைகள் வரை பார்த்தாள். அதற்குமேல் மீட்டரக்காவின் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். பின் சீட்டிலிருந்து தம்பி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போது ஜட்ஜம்மாவே பேச்சை எடுத்தாள்.

"அண்ணி, நீங்க படுற பாடு எனக்குத் தெரியாம இல்ல. நான் வேணும்னே வர மாட்டேன்னு சொல்லல. அங்க நான் கதவைத் திறந்தா நாலு பேரு என் பேச்சைக் கேக்க நிக்கிறாங்க. இங்க வந்தா நான் யாரு? உங்க தம்பி வேலைக்குப் போயிடுவாரு. நான் சுவத்துகூடவா நியாயம் பேசறது?"

மீட்டரக்காவுக்குக் கெஞ்ச மனம் வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

"உன் மனசுக்குப் பட்டதைச் செய்யும்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள்.

மறுநாள் வியாழக்கிழமை. ஆற்றங்கரை நாற்றுப் பண்ணைக்குப் போவதாகத் திட்டம். காலையில் அலுவலகத்திலிருந்து போன் வந்து அதைக் கெடுத்தது. ஒரு தண்ணீர் வழக்கில் மீட்டரக்கா சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த மாதம் என்று நினைத்துக்கொண்டிருந்த சாட்சி இன்றைக்காம். தம்பி கிடங்கைப் பார்க்கப் போய்விட்டான். ஜட்ஜம்மாவைத் தனியாக வீட்டில் விட மனமில்லாமல், "கொஞ்ச நேரம்தான், பல்லைக் கடிச்சுக்கோ" என்று கூடவே இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள்.

கடைசி பெஞ்சில் அவளை உட்காரவைத்தாள். "யாரு வேணும்னாலும் உள்ள வரலாமா?" என்று ஜட்ஜம்மா நம்பாமல் கேட்டாள்.

"வரலாம். பேசத்தான் கூடாது."

வழக்கு இதுதான்: ஒரே கட்டடம், ஒரே மீட்டர், இரண்டு வீட்டுக்காரர்கள். மேலே ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. கீழே தையல் மிஷின் பழுது பார்ப்பவர். தண்ணீரை அதிகம் பிடிப்பது நீதான் என்று இரண்டு பேரும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மீட்டரக்கா கூண்டில் ஏறினாள். "மீட்டர் காட்டுவது உண்மைதானா?" என்று கேட்டார் மிஷின்காரரின் வக்கீல்.

"மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. ஆனா குழாயைத் திறந்தது யாருன்னும் அதுக்குச் சொல்லத் தெரியாது."

நீதிபதி அம்மாவே சிரித்துவிட்டார். பிறகு நர்ஸ் அம்மா எழுந்து, தான் தனி ஆள், இரண்டு வாளிக்கு மேல் செலவில்லை என்றார். மிஷின்காரர் எழுந்து, அந்த அம்மா மாடியில் வளர்க்கும் தொட்டிச் செடிகளை யாராவது எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டார். சண்டை சூடு பிடித்தது. ஜட்ஜம்மா பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நீதிபதி அம்மா கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த வியாழனுக்கு வாய்தா போட்டுவிட்டார்.

"என்னது! அப்ப முடிவு?"

ஜட்ஜம்மாவின் குரல் கூரையில் முட்டித் திரும்பியது. நீதிபதியின் டவாலி ஓடிவந்தார். "யம்மா, உக்காருங்க. இது என்ன உங்க வீடா?"

"ஒரு வாரம் கழிச்சு வான்னா, அதுக்குள்ள ஆறிப் போயிடாதாய்யா?"

"ஒரு வாரம்தானேம்மா. இங்க பத்து வருஷமா ஆறாம இருக்கிறதெல்லாம் இருக்கு."

வராந்தாவுக்கு வந்ததும் ஜட்ஜம்மா நேராக நர்ஸ் அம்மாவிடம் போனாள். "தொட்டி எத்தனைம்மா இருக்கும்? ஒளிக்காம சொல்லுங்க." பிறகு மிஷின்காரரைப் பிடித்தாள். "நீங்க மட்டும் என்னண்ணே, எண்ணெய்க் கை கழுவ எத்தனை தடவை குழாயைத் திறப்பீங்க?" இரண்டு பேரும் முதலில் இது யாரடா என்று விழித்தார்கள். அப்புறம் அவளுக்குச் சொல்வதற்காகவே நெருங்கி வந்து நின்று, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்தார்கள். பக்கத்து வழக்குக்கு வந்தவர்களும் சுற்றி நின்று கேட்டார்கள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் கண்மூடவேயில்லை.

"இப்படி ஒரு இடத்தை வச்சுக்கிட்டு, போன தடவை என்னை லிஃப்ட்ல ஏத்தி ஏத்தி இறக்கினீங்களே அண்ணி! இது நியாயமா?"

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை மாற்றச் சொன்னாள். வியாழக்கிழமை தீர்ப்பைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவாளாம். குடிவருவதைப் பற்றி மூச்சு விடவில்லை. தம்பி கிடங்குக்குப் போன் போட்டு, பதில் சொல்ல அடுத்த வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டான்.

"நீயும் வாய்தா வாங்கிட்டியா மச்சான்?" என்று லிஃப்ட்காரர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

அந்த ஒரு வாரமும் மீட்டரக்கா வாயைத் திறக்கவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லாமல் இருப்பதும் லேசான வேலையாக இல்லை.

வியாழக்கிழமை ஜட்ஜம்மா தனியாகவே கிளம்பிப் போனாள். மதியத்துக்குள் வந்துவிடுவாள் என்று நினைத்தார்கள். வரவில்லை. சாயங்காலம் தம்பி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"வழி தவறிட்டாளோ அக்கா?"

"அவளா? அவளுக்கு வழி சொன்னவன்தான் தவறியிருப்பான்."

சொன்னாளே தவிர, மீட்டரக்காவும் இரண்டு முறை வாசலை எட்டிப் பார்த்தாள். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜட்ஜம்மா வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். வக்கீல் ஒருவர் வராததால் மறுபடியும் வாய்தாவாம்.

"கோர்ட்டை விட்டு வந்ததும் நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். தொட்டிய எண்ணாம விடக்கூடாதுன்னு. மிஷின்காரரும் கூட வந்தாரு. எண்ணி முடிக்கவே பொழுது போயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தத் தெருவிலேயே ஒரு வீடு காலியா இருக்காம். ரெண்டு ரூம். சமையல்கட்டுல நல்ல வெளிச்சம். அதையும் பாத்துட்டுதான் வந்தேன்."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கனவே அணைத்திருந்த அடுப்பை மறுபடியும் அணைத்தாள்.

"பச்சை கேட் வீடு அண்ணி. நீங்க மீட்டர் பாக்கிற தெருதானே? அங்க தண்ணி நல்லா வருமா?"

பொய் சொல்ல மீட்டரக்காவுக்கு வாய் வரவில்லை. "மாடிக்குக் காலையில சரியா ஏறாது. கீழ் வீடுன்னா யோசிக்க வேண்டாம், நாள் முழுக்க வரும்."

"கீழ் வீடுதான்."

"அப்ப எடுத்துக்கோ."

தம்பி வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அப்போதே வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தான்.

இப்போது அவர்கள் பச்சை கேட் வீட்டுக்குக் குடிவந்து இரண்டாவது வருடம் நடக்கிறது. தம்பி கிடங்கில் தலைமை மெக்கானிக். தண்ணீர் வழக்கு இன்னும் முடியவில்லை. நர்ஸ் அம்மாவும் மிஷின்காரரும் ஒரே ஆட்டோவில் கோர்ட்டுக்குப் போய் வருகிறார்கள். அவர்களோடு மூன்றாவது ஆளாக ஜட்ஜம்மாவும் உட்கார்ந்து போகிறாள். வராந்தாவில் அவளிடம் நியாயம் கேட்க நாலு பேர் எப்போதும் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாரம் தம்பி வீட்டிலும், ஒரு வாரம் மீட்டரக்கா வீட்டிலும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.