பெக்தாஷின் பதக்கத்துக்கு ஆதாரம்

14 பிப்ரவரி 2013: ஜிரோகாஸ்தருக்கு வேன், இருவர் போய்வர, 800 லெக்.
அதே நாள்: கடைத்தெருவில் சான்று ஏடு ஒன்று, 5,000 லெக்.
5 மார்ச்: திரானாவுக்குப் பதிவுத் தபால், 120 லெக்.
22 ஏப்ரல்: இரண்டாவது தபால், 120 லெக்.
27 மே: மூன்றாவது, 120 லெக்.

நெவ்ருஸ் பாமே உட்கார்ந்து காபி குடித்து நான் பார்த்ததில்லை. இரண்டு வாய் குடிப்பார், எழுந்து வாசல்வரை போவார், திரும்பி வந்து மீதியைக் குடிப்பார். எங்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அறை அவருடையது. இறங்கும்போது எண் பார்த்து விளக்கைக் கொடுப்பார், ஏறி வந்ததும் எண் பார்த்து வாங்கி வைப்பார். 1966 ஆகஸ்ட் 17 அன்று 88ஆம் எண் திரும்பவில்லை. அது அவர் அண்ணன் பெக்தாஷின் விளக்கு. கூரை சரிந்தபோது மூன்று பேரை வெளியே தள்ளிவிட்டு, அவர் உள்ளே சிக்கிக்கொண்டார். அதே சுரங்கத்தில் வருகைப் பதிவேடு எழுதியவன் நான்.

அந்த டிசம்பரில் உழைப்புப் பதக்கமும் அதற்கான சான்று ஏடும் வீட்டுக்கு வந்தன. 1969இல் பெக்தாஷின் மைத்துனன் எல்லை தாண்டி கிரேக்கத்துக்கு ஓடிவிட்டான். ஒருவன் ஓடினால் அவன் உறவினர் எல்லோரும் அப்போது துரோகிகள். மறுவாரமே கட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பதக்கம் ரத்தாகிவிட்டது என்று சொல்லி எடுத்துப்போனார். ஏட்டையும் கேட்டார். தொலைந்துவிட்டது என்றார் நெவ்ருஸ். ஆள் போனதும் ஏட்டைத் திறந்து பெயர், ஆணை எண், தேதி மூன்றின் மீதும் கறுப்பு மை பூசினார். எங்களுக்குக் கை பழகிய வேலைதான் அது. ஒரு தலைவர் கவிழ்ந்த செய்தி வந்தால், பள்ளிப் புத்தகத்தில் அவர் முகத்தைப் பிள்ளைகளே மையால் மறைப்பார்கள். ஏட்டை எரித்திருக்கலாம். எரிக்க மனம் வரவில்லை, யாரும் படிக்கும்படி விட்டுவைக்கத் தைரியமும் இல்லை.

2013இல் பழைய தொழிலாளர்கள் சேர்ந்து, பதக்கம் பெற்று இறந்தவர்களின் பெயர்களைப் பளிங்குக் கல்லில் பொறிக்க முடிவு செய்தார்கள். பட்டியல் முன்னாள் மேஸ்திரி மெலெக்கின் பொறுப்பு. அறுபத்தொரு குடும்பங்கள் கேட்டு வந்ததால், ஆணை எண் இல்லாமல் ஒரு பெயரும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஜூலை முதல் தேதி கல்தச்சர் உளியை எடுப்பார். நெவ்ருஸ் தன் ஏட்டைக் கொண்டுபோய்க் காட்டினார்.

"மையைப் பாத்து நான் என்னத்தப் படிக்கிறது, நெவ்ருசு? கல்லுல ஒரு கறுப்புக் கோடு இழுக்கச் சொல்லவா?" என்றார் மெலெக்.

தேடினோம். நூலகத்தில் அந்த மாதச் செய்தித்தாளில் பக்கம் கத்தரிக்கப்பட்டிருந்தது. 1974இல் வெளிவந்த சுரங்க வரலாற்றில் விபத்து இருந்தது, பெக்தாஷ் இல்லை. மூவரும் தாமாகவே தப்பி வந்தார்களாம். இணையத்தில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பதக்கத்தின் விட்டம், எடை, ரிப்பனின் நிறம் எல்லாம் பிசகாமல் போட்டிருந்தார்கள். வாங்கியவர் பெயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஜிரோகாஸ்தர் கடைத்தெருவில் பதக்கம் விற்பவன் எழுதப்படாத ஏடு ஒன்றை எடுத்து நீட்டினான். "முத்திரை அசல், சித்தப்பா. பேரைச் சொல்லுங்க, அந்தக் காலத்துப் பேனாவாலயே எழுதித் தரேன்."

"ஆணை எண்?" என்றேன்.

"அதையும் எழுதலாம். செத்தவங்க எழுந்து வந்து சரிபாக்கவா போறாங்க?"

பழைய லெக் கணக்கில் ஐம்பதாயிரம் கேட்டான், இன்றைய ஐயாயிரம். நெவ்ருஸ் பேரம் பேசாமல் கொடுத்து, வெறும் ஏடாகவே வாங்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அந்த ஏட்டோடு இரண்டு முறை மெலெக்கின் கதவுவரை போய்த் திரும்பினார். அதில் எதையாவது எழுதினால் நான் சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"உன் பதிவேட்டுல அண்ணன் எத்தனை மணிக்கு உள்ள போனாருன்னு இருக்கு. ஏன் திரும்பலைன்னு இருக்கா?"

இல்லை. 'வரவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

தலைநகர் திரானாவில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்துக்கு எழுதினோம். முதல் பதிலில் ஆணையின் மாதம் கேட்டார்கள். பதக்கம் வந்த நாள் என் நாட்குறிப்பில் இருந்தது, 1966 டிசம்பர் 9. அதை எழுதி அனுப்பினோம். இரண்டாவது பதிலில் ஆணையின் நகலே வந்தது. பட்டியலில் நான்காவது பெயர் பெக்தாஷ் பாமே. மெலெக் இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குடுத்தது சரி. பிடுங்கினதுக்கும் ஒரு ஆணை இருக்குமே? ரத்தான பதக்கத்தை எப்படிப் பொறிக்கிறது?"

ரத்து ஆணையைத் தேடச் சொல்லி மூன்றாவது முறை எழுதினோம். ஜூன் முழுவதும் நெவ்ருஸ் தபால் நிலையத்துக்கும் பாலத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். "எங்க நாய்கூட இப்ப உங்களப் பாத்துக் குரைக்கிறதில்ல, மாமா," என்றாள் தபால்காரி.

பதில் வந்ததும் பிரிக்காமல் மெலெக்கிடம் கொண்டுபோனோம். அவரே பிரித்துப் படித்தார். 1966 முதல் 1990 வரை எல்லா ஆணைகளையும் பார்த்திருந்தார்கள். அந்தப் பதக்கத்தை ரத்து செய்யும் ஆணை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. மெலெக் பட்டியலை இழுத்து பெக்தாஷின் பெயரை எழுதினார்.

நெவ்ருஸ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு வந்த கட்சி ஆளு வெறும் வாயாலதான் ரத்துன்னு சொன்னான்," என்றார். "பேனா எடுத்தது நான்."

அவர் கோட்டுப் பையிலிருந்த வெறும் ஏட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். அன்று திரும்பி வரவில்லை. மேசையில் அவர் மீதி வைத்த காபி ஆறிப்போனது.

பழைய ஏட்டில் மை அப்படியே இருக்கிறது. அந்தக் கடிதத்தை அதற்குள் மடித்து வைத்திருக்கிறார். கடிதம் வந்த நாள் 28 ஜூன் 2013, வெள்ளிக்கிழமை.