மாமியார் நிறத்தில் ஒரு படம்

மிசாவோ தன் சாவுக்கு வேண்டியதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். வெள்ளைத் துணி துவைத்து மடித்து அலமாரியில் இருந்தது. எந்தப் பூ வேண்டாம் என்று கோயிலில் சொல்லியாயிற்று. பாக்கி இருந்தது செத்தபின் மாட்டும் படம்தான். மகனிடம் விட்டால் அவன் கைப்பேசியில் இருக்கும் ஏதாவது சுற்றுலாப் படத்திலிருந்து தலையை வெட்டி, யாருடைய உடம்பிலாவது ஒட்டிவிடுவான்.

ஒனோமிச்சி ஊரின் மலைச்சரிவில் அவள் வீடு. பூஜை அறைக் கதவுக்கு மேலே, அந்த வீட்டில் செத்தவர்கள் வரிசையாகத் தொங்கினார்கள். மாமனார், கணவர், கடைசியில் மாமியார் தோமே. மூவரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறவளை முறைத்தார்கள். மூன்றும் இருட்டறையில் கழுவி எடுத்த பழைய படங்கள். கறுப்பு என்று சொல்ல முடியாது, கொதித்துக் கொதித்துக் கடுத்த தேயிலைத் தண்ணீரின் பழுப்பு. தோமேவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி.

மிசாவோ மணமாகி வந்த அன்று தோமே சொன்னாள்: "இவ இந்த வீட்டு ஆளு மாதிரியே இல்லையே." அதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் படுக்கையில் விழுந்தபோது குளிப்பாட்டி, புரட்டிப்போட்டு, கஞ்சி ஊட்டியது மிசாவோதான். அவளுக்கு அது தொழில். ஆஸ்பத்திரி வார்டில் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் செய்தவள். கஞ்சிக்கு வாயைத் திறந்தாலும் தோமே அதைத்தான் சொன்னாள்.

ஆகவே மிசாவோவுக்கு ஒரே பிடிவாதம். அந்தக் காலி இடத்தில், அதே பழுப்பில், பிறந்ததிலிருந்தே அந்த வீட்டுக்காரி போலத் தொங்க வேண்டும்.

தோமேயின் கறுப்புக் கிமோனோவையே கட்டி, அதே போலக் கொண்டை போட்டு, ரயிலடியில் படக்கடை வைத்திருக்கும் குரேபயாஷியிடம் போனாள். நல்ல மனுஷன், பேருக்குப் பின்னால் மரியாதையாக 'சான்' போட்டுத்தான் கூப்பிடுவார்; மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது.

முதல் படத்தைச் சாம்பல் மைகளை மட்டும் வைத்து, பளபளப்பில்லாத தாளில் அச்சடித்தார்.

"எந்த விளக்குலயும் நிறம் மாறாது, மிசாவோ சான். உங்க பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்."

"உதட்டைப் பாருங்க, நீலம் பூத்திருக்கு. வார்டுல இப்படி ஒருத்தி கெடந்தா நான் ஆக்சிஜனுக்கு ஓடுவேன்."

இரண்டாவது படத்துக்குக் கறுப்போடு கொஞ்சம் மஞ்சளும் சிவப்பும் கலந்தார். கடை வாசல் வெளிச்சத்தில் அசல் தேயிலைப் பழுப்பு. வீட்டில் குழல் விளக்கைப் போட்டதும் முகம் மஞ்சள்பச்சையாக அடித்தது. மறுநாள் காலையிலேயே படத்தோடு வந்து நின்றாள்.

"இங்க நல்லாத்தான் இருந்தேன். வீட்டுக்குப் போறதுக்குள்ள காமாலை வந்துடுச்சு."

"கலர் மை கலந்தா விளக்குக்கு விளக்கு மாறும். நீங்க விளக்கை மாத்திப் பாருங்களேன்."

"எனக்காக மாமியார் வீட்டு விளக்கை நான் மாத்தினா, அவ படத்துலேர்ந்து எறங்கி வந்துடுவா."

மூன்றாவது, பழுப்பாகவே விற்கிற மை, பளபளப்பான தாள். நேரே பிடித்தால் குறையே இல்லை. மேலே சாய்த்து மாட்டி, கீழே பாயில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு கன்னமும் தாமிரச் செம்பு போல மின்னின.

"மை தாளுக்குள்ள எறங்காம மேலயே உக்காந்துடுது. நேரா பார்த்தா தெரியாது," என்றார் குரேபயாஷி.

"கும்பிட வர்றவங்களுக்கு ஏணி வைக்கட்டுமா?"

அதில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணாடி போன்ற பிலிமில் அவள் முகத்தை நெகடிவாக அச்சடித்து, வெயில் பட்டால் கறுக்கிற வெள்ளி உப்பு பூசிய தாளின் மேல் அதை வைத்து, வெயிலில் காட்டி எடுப்பது என்று முடிவு செய்தார். மிசாவோ போய்ப் பார்த்தபோது பிலிமில் அவள் தலையும் முகமும் ஆரஞ்சாக இருந்தன.

"இது என்ன கூத்து? கறுப்பு மை தீந்துடுச்சா?"

"கறுப்பு நம்ம கண்ணுக்குத்தான் கறுப்பு. வெயிலுக்கு அது சல்லடை. என்கிட்ட இருக்கிற மையையெல்லாம் ஒண்ணொண்ணா வெயில்ல வெச்சுப் பார்த்துட்டேன். வெயிலைத் தடுக்கிறது இந்த ஆரஞ்சுதான்."

"அப்ப நான் பரங்கிக்காயா இருந்துட்டுத்தான் மனுஷியாகணும்."

ஆனாள். தாளைக் கழுவிக் காயவைத்தபோது அதே பழுப்பு. காலி இடத்தில் மாட்டிப் பகலில் பார்த்தாள், குழல் விளக்கில் பார்த்தாள், பாயில் மல்லாந்து படுத்தும் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை. "இப்ப சொல்லு பார்ப்போம்," என்று தோமேயிடம் சொல்லிவிட்டு, முள்ளங்கி பிடுங்கக் கொல்லைப்பக்கம் போனாள்.

அந்த நேரத்தில்தான் கீழ்வீட்டு ஹத்சுயே வந்தாள். வாங்கிப்போன கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று அதில் ஆரஞ்சுப் பழம் போட்டு எடுத்து வந்தவள், திறந்த கதவு வழியே மேலே புதிதாக ஒரு படத்தைக் கண்டாள். அங்கே உயிரோடு இருக்கிறவர் படம் ஏறாது. பழம் நாலாபுறமும் உருண்டது.

பூஜை மணிச் சத்தம் கேட்டு மிசாவோ மண் அப்பிய முள்ளங்கியோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. ஹத்சுயே தோமே படத்தைப் பார்த்துக் கும்பிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"மிசாவோ சான், சொல்லாம கொள்ளாம போயிட்டீங்களே! போயும் போயும் அந்தப் பொல்லாத மாமியார் பக்கத்துலயா உங்களை மாட்டணும்?" பிறகு மிசாவோவின் படத்தை அண்ணாந்து பார்த்து மூக்கைச் சிந்தினாள். "அந்தம்மா மூஞ்சியில இருக்கிற கடுப்பைப் பாரு. பொண்ணா அது?"

"அது நான்," என்றாள் மிசாவோ.

ஹத்சுயே போட்ட கூச்சல் ரயிலடிக்குக் கேட்டிருக்கும். மிசாவோ அவளைப் படுக்கவைத்து, காலைத் தூக்கி மெத்தைச் சுருளில் வைத்து, நாடி பார்த்து, தேநீர் கொடுத்து அனுப்பினாள். பிறகு படத்தைக் கழற்றிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள்.

"அந்த மொதல் படம் இருக்கா?"

"நீல உதடா?" குரேபயாஷிக்கு அழுகை வரும் போலிருந்தது. "ஆக்சிஜனுக்கு ஓடுவேன்னீங்களே! இவ்வளவு பாடுபட்டு அச்சு அசலா அவங்க படத்தோட ஒட்டவெச்சிருக்கேன்..."

"ஒட்டினதுதான் வம்பு. என் ஊதுபத்தியை அவ மோந்துக்கிட்டிருக்கா. மேல தொங்கும்போது நான் செத்துத்தானே இருப்பேன்? செத்தவ நீலமா இருக்கிறதுல என்ன தப்பு?"

நீலப் படத்தை மாட்டி, ஹத்சுயேவை மறுபடி கூப்பிட்டாள். "கும்பிடு."

"உயிரோட நிக்கிறவங்களையா?"

"கும்பிடுன்னா கும்பிடு."

ஹத்சுயே அண்ணாந்து பார்த்தாள். தயங்கவே இல்லை; நீலத்தின் முன்னால் போய் உட்கார்ந்து கைகூப்பினாள். எழுந்திருக்கும்போது கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீங்க, மிசாவோ சான். நீங்க மட்டும் இந்த வீட்டு ஆளு மாதிரியே இல்ல."

"இல்லைதான்," என்றாள் மிசாவோ. படத்தைக் கழற்றி வெள்ளைத் துணியோடு அலமாரியில் வைத்துவிட்டு, முள்ளங்கியை நறுக்கப் போனாள்.