இருபத்தெட்டு நாள் சும்மா கிடக்கும் துப்பாக்கி

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் பலூன் சுடும் கடை போடுகிறேன். அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால், பாதை வளைகிற இடத்தில், ஒரு புங்க மரத்துக்குப் பக்கத்தில் எங்கள் இடம். மாதத்தில் ஒரு நாள், சில மாதம் இரண்டு நாள். மற்ற நாளெல்லாம் துப்பாக்கிகள் வீட்டில் சும்மா கிடக்கும். சுட்டுச் சுட்டு ஒரு துப்பாக்கி கெட்டு நான் பார்த்ததில்லை. சும்மா கிடந்துதான் கெடும்.

முதலில் எங்களிடம் இருந்தது இரண்டு பழைய துப்பாக்கிகள்தான். குழலை மடக்கி, ஸ்பிரிங்கை இழுத்துச் சுடுவது. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மடக்கக் கை வலிக்கும் என்று அண்ணன் அதோடு கேஸ் துப்பாக்கி இரண்டும் வாங்கிவந்தார். அதில் சுடும் குழலுக்குக் கீழே இன்னொரு குழல் இருக்கும். அதன் முன்முனையில் ஒரு திருகு மூடி. மூடியைக் கழற்றி, கட்டைவிரல் அளவு கேஸ் குப்பிகள் இரண்டை உள்ளே போட்டு மூட வேண்டும். மூடிக்குள் கறுப்பாக ஒரு ரப்பர் வாஷர். கேஸ் வெளியே போகாமல் பிடித்து நிறுத்துவது அந்த வாஷர்தான்.

பெட்டியில் வந்த தாள் இங்கிலீஷில் இருந்தது. நான் அஞ்சாவதோடு நின்றவன். அதில் ஒரு படம் மட்டும் புரிந்தது: குப்பியின் மூக்கு, அதன் மேல் ஒரே ஒரு எண்ணெய்ச் சொட்டு. செல்போனில் யாரோ இந்தியில் பேசிக்கொண்டு துப்பாக்கியைப் பிரிக்கும் வீடியோ கிடைத்தது. பேச்சை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தேன். பத்து இருபது தடவை பார்த்திருப்பேன். மிச்சத்தை வாஷர்களைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் போட்டேன், பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்தது. தையல் மிஷின் எண்ணெய் போட்டேன், வாஷர் ஊறி உப்பிவிட்டது. அதற்கென்று சின்ன டியூபில் வரும் சிலிகான் எண்ணெய்தான் சரி. அதுவும் ஒரு சொட்டு. மூடியை விரலால்தான் முடுக்க வேண்டும், குறடு கூடாது. கடை முடிந்ததும் மிச்ச கேஸைச் சுட்டே தீர்த்துவிட்டுக் குப்பியை எடுத்துவிட வேண்டும். எங்கள் வீடு ஷீட் போட்டது. சித்திரையில் மேலே பரணில் வைத்தால் அடுப்பில் வைத்த மாதிரி. அதனால் கட்டிலுக்கு அடியில், சிமெண்டுத் தரையில், பழைய வேட்டியில் சுற்றி வைப்பேன். பத்து நாளைக்கு ஒருமுறை எடுத்து, வாஷரை விரலில் தடவிப் பார்த்து, மறுபடி வைப்பேன்.

புது வாஷர் மாட்டினால் வீட்டிலேயே ஒரு தடவை குப்பி போட்டு, கசிகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். கசிந்தால் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு சத்தம் வரும். அண்ணனும் அண்ணியும் வீட்டில் இருந்தபோது அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவே கேட்காது. டிவி ஓடும், மிக்சி ஓடும், அண்ணன் பேசிக்கொண்டே இருப்பார். இப்போது நன்றாகக் கேட்கிறது.

அண்ணனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை கிடைத்து, இரண்டு பேரும் போன ஆடியில் போய்விட்டார்கள். அங்கே ஒரே ரூம், நான் இங்கேயே இருந்துவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். தினமும் காலையில் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, வாசல் பெருக்குகிறேன். அங்கே தங்குகிறவர்களில் பாதிப் பேர் மௌனம் இருக்க வந்தவர்கள். என்னைப் பார்த்தால் கையைக் கூப்புவார்கள். நானும் கூப்புவேன்.

கடையில் கூப்பிடுகிற வேலை எப்போதும் அண்ணனுடையது. “வா மச்சான், சாமிய சுத்திட்ட, பலூன சுடு” என்று அவர் கத்தினால் போகிறவன் சிரித்துக்கொண்டே நிற்பான். நான் ஈய ரவை போட்டு, துப்பாக்கியைக் கையில் கொடுத்து, தோளில் அணைத்துப் பிடிக்கச் சொல்லித் தருவேன். வாயால் சொல்ல மாட்டேன், முழங்கையைக் கொஞ்சம் தூக்கி விடுவேன். எனக்கு அந்தக் கடை வேண்டும் என்பதற்குக் காரணமே அதுதான். மாதத்தில் அந்த ஒரு நாள் மனிதர்கள் என் தோளோடு தோள் ஒட்டி வந்து நிற்பார்கள். நான் பேச வேண்டியதில்லை.

அண்ணன் போன பிறகு இரண்டு பௌர்ணமி கடை போட்டேன். கூப்பிட ஆளில்லாமல் கூட்டம் கம்மி. அண்ணன் போன் செய்தார். போளூரில் திருவிழாக் கடை போடுகிற ஒருவர் துப்பாக்கிகளையும் பலகையையும் கேட்கிறாராம். நான் அண்ணனோடு வந்துவிட்டால் அதே கம்பெனியில் பெருக்குகிற வேலை வாங்கித் தரலாமாம். “கடைண்ணா…” என்று இழுத்தேன். அவரே சொன்னார்.

“சரி, வர்ற பௌர்ணமிக்கு லீவு போட்டு வர்றேன். கேஸ் துப்பாக்கி ராத்திரி வரைக்கும் நின்னு ஓடுச்சுனா கடை இருக்கட்டும். இல்லனா குடுத்துட்டு நீ எங்கூட கெளம்பு.”

அந்த ஒரே ரூமில் மூன்றாவது ஆளாகப் படுத்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஓரமாக நகர்ந்து படுப்பதுதான் என் கண் முன் வந்தது.

பௌர்ணமிக்கு ஆறு நாள் முன்னால் ஆயுத பூஜை. அதை எப்போதும் அண்ணிதான் செய்வார். துப்பாக்கிகளைப் பலகை மேல் வரிசையாக வைத்து, குழல் முனைக்கு அடியில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். நான் தேங்காய் உடைப்பேன். இந்த வருஷம் எல்லாம் நானே செய்தேன். பொரி, கடலை, வாழைப்பழம், ஒன்றும் குறைக்கவில்லை. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, அண்ணி வைக்கிற அதே இடத்தில் நான்கு துப்பாக்கிக்கும் பெரிய பொட்டாக வைத்தேன். கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்பினால், எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஆளில்லை. நானே ஒற்றிக்கொண்டு தட்டைக் கீழே வைத்தேன். மறுநாள் ஈரத்துணியால் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பௌர்ணமியன்று மத்தியானம் அண்ணன் நேராகக் கடைக்கே வந்தார். இளைத்திருந்தார். பலகையில் நான் பலூன் கட்டியிருந்ததைப் பார்த்து, வரிசை நன்றாக இருக்கிறது என்றார். நான்கு மணிக்கு இரண்டு கேஸ் துப்பாக்கிக்கும் குப்பி போட்டேன். பாதையில் உறுமி சத்தமும் பஸ் ஹாரனும். காதை வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணன் குரல் எடுத்ததும் கூட்டம் சேர்ந்தது. முதல் ஏழெட்டு ரவை நன்றாகப் போனது. அடுத்த ரவை பலூனில் பட்டு உடைக்காமல் கீழே விழுந்தது. சுட்டுக்கொண்டிருந்தவர் பெரணமல்லூர்ப் பக்கத்து ஆள், நாலைந்து சொந்தக்காரர்களோடு வந்திருந்தார். துப்பாக்கியைக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டார்.

“என்னாண்ணா, உன் துப்பாக்கி பெருமூச்சு வுடுது? வூட்ல எதுனா பிரச்சனையா?”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாங்கிப் பார்த்தேன். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பனி பூத்திருந்தது, தொட்டால் விரல் ஒட்டுகிற குளிர். இரண்டாவது துப்பாக்கியும் அதே மாதிரி. விரலால் முடுக்கினேன், நிற்கவில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் செய்யவே கூடாததைச் செய்தேன். பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்து மூடியைப் பலம் கொண்ட மட்டும் முடுக்கினேன். உள்ளே வாஷர் நசுங்குவது கையில் தெரிந்தது. பெருமூச்சு சீட்டி ஆனது, பிறகு அதுவும் நின்றது. உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

பழைய இரண்டு துப்பாக்கியை வைத்து அண்ணன் கடையை ஓட்டி முடித்தார். ராத்திரி வீட்டுக்கு வந்தோம். பாய் விரித்துப் படுக்கும்போது, போளூர்க்காரர் காலையில் பத்து மணிக்கு வருவார் என்று மட்டும் சொன்னார்.

காலையில் கொடுப்பதற்குத் துடைத்து வைக்கலாம் என்று அவரே துப்பாக்கியை வெயிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூடியைக் கழற்ற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மூடி திருகும் மரையின் பள்ளமெல்லாம் மஞ்சளாகத் தூள். வாஷர் பிய்ந்து, அதன் மேலும் அதே தூள். அண்ணன் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

“சந்தனமாடா இது?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பழைய துப்பாக்கியில் அந்த இடத்தில் வெறும் இரும்பு. கேஸ் துப்பாக்கியில் அதே இடத்தில்தான் மூடி. அண்ணி போன வருஷம்வரை லேசாகத் தொட்டு வைத்தது உள்ளே இறங்கவில்லை. நான் அப்பிவிட்டேன், அது மரைக்குள் இறங்கிக் காய்ந்து வாஷரைப் படிய விடவில்லை.

“அண்ணி அங்கதான் வெப்பாங்க” என்றேன்.

அண்ணன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “பூஜை நீயே பண்ணியா?” என்றார்.

“ஆமாண்ணா.”

“பொரி எல்லாம் வாங்குனியா?”

“வாங்கினேன். ஜாஸ்தியா ஆயிடுச்சு. இன்னும் இருக்கு.”

உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். நமத்துப்போயிருந்தது. அவர் ஒரு கைப்பிடி எடுத்துத் தின்றார், இன்னொரு பிடியும் தின்றார். பிறகு போளூருக்குப் போன் போட்டு, வர வேண்டாம், இப்போது கொடுக்கிற மாதிரி இல்லை என்றார். எனக்காக வைத்துக்கொள்கிறேன் என்றெல்லாம் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது சொன்னது இதுதான்.

“வாஷர் வாங்கிப் போடு. கடை உன்னுது. ஆனா நான் இனிமே வர முடியாது, லீவு குடுக்க மாட்டாங்க. கூப்புட்றதுக்கு நீயே ஒரு வழி பாத்துக்கோ.”

வாஷர் தபாலில் வந்தது. மரையை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, பஞ்சால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் போட்டேன். கார்த்திகைப் பௌர்ணமிக்குக் கடை போட்டேன். மலை உச்சியில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தபடியே நடந்தார்கள். கூப்பிட வாயைத் திறந்தேன். “வா” என்பது கூட வரவில்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றிருப்பேன். பிறகு ஒரு துப்பாக்கியை எடுத்து, ஓரத்துச் சிவப்புப் பலூனை நானே சுட்டேன். சத்தத்தில் பத்துப் பேர் திரும்பினார்கள். இன்னொன்று சுட்டேன். ஒரு அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, எனக்குக் கொடு, நான் சுடுகிறேன் என்றார். கொடுத்தேன். முழங்கையைக் கொஞ்சம் தூக்கி விட்டேன்.

இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன். மாதம் ஏழெட்டுப் பலூன் அதற்கே போகிறது.

கடை முடிந்த மறுநாள் அண்ணன் போன் செய்வார். பேச அவருக்கும் நேரம் இருக்காது.

“கேஸ் நின்னுச்சா?”

“நின்னுச்சுண்ணா.”

அதோடு வைத்துவிடுவார். நான் குப்பிகளை எடுத்துவிட்டு, மூடிகளைத் துடைத்து, துப்பாக்கிகளை வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவேன்.