இருமல் மருந்து என்று சொன்னவருக்குப் பின்னால்

இன்னொரு முறை ஊதிப் பார்க்கலாமா என்று அன்று நான் ஏன் கேட்கவில்லை? ஒரு மாதமாக இதற்குப் பதில் தேடுகிறேன். பாத்திரம் துலக்கும்போது ஒரு பதில் வருகிறது. குழந்தையைத் தூங்க வைக்கும்போது அது பொய்யாகத் தெரிகிறது.

பிரசவ விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பிய முதல் வாரம் அது. வீடு தல்லாகுளத்தில், நான் பாடம் நடத்தும் பள்ளி மேலூர் ரோட்டில். கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. மாதம் இரண்டு முறை வருவார். நான்கு மாதப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவருடைய அம்மா சோழவந்தானிலிருந்து வந்திருக்கிறார். வரும்போதே நாட்டு மருந்துக் கடையில் இரண்டு பாட்டில் அரிஷ்டம் வாங்கி வந்தார். பிள்ளை பெற்றவள் சாப்பாட்டுக்குப் பின் வெந்நீர் கலந்து குடிக்க வேண்டிய கறுப்பு மருந்து.

அன்று காலை ஹெல்மெட்டோடு கிளம்பியவளை அத்தை வாசலில் மறித்தார்.

"மருந்தக் குடிக்காம எங்கிட்டு ஓடுற? இடுப்பு வலின்னு அப்புறம் என்கிட்டதான வந்து நிப்ப."

"நேரமாச்சு அத்தே, சாயந்தரம் குடிக்கிறேன்."

"எம்புட்டு நேரம் ஆகப்போகுது? வாயத் தொற."

இரண்டு மூடி ஊற்றித் தந்ததை, வெந்நீர் கலக்காமல் அப்படியே விழுங்கிவிட்டு வண்டியை எடுத்தேன். வாய்கூடக் கொப்பளிக்கவில்லை.

ஐந்து நிமிடம் போயிருப்பேன். திருப்பத்தில் தடுப்பு வைத்து எல்லா வண்டிகளையும் போலீஸ் நிறுத்திக்கொண்டிருந்தது. முந்தின நாள் பக்கத்தில் திருவிழா. "ராத்திரி குடிச்சது எறங்காமலே வண்டிய எடுத்துட்டு வாராய்ங்க" என்று ஒரு காவலர் பொதுவாக எல்லோரிடமும் சொன்னார்.

எனக்கு முன்னால் நின்ற சரக்கு ஆட்டோக்காரர் ஊதியதும், குடித்திருக்கிறாரா என்று காட்டும் கருவி கத்தியது.

"அண்ணே, சத்தியமா இருமல் மருந்துண்ணே."

"எந்த டாக்டரு மாப்ள எழுதிக் குடுத்தாரு? எனக்கும் ஒரு பாட்டில் சொல்லிவிடு."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்து நான். புதுக் குழாயை மாட்டித் தந்தார்கள். ஊதினேன். அதே சத்தம். காவலர் கருவியைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய பள்ளி அட்டையைப் பார்த்தார். பின்னால் பைக்கில் இருந்த ஒருவர், "அண்ணே, டீச்சருக்கும் இருமலான்னு கேளுங்க" என்றார். மறுபடியும் சிரிப்பு. ஓரமாக நிறுத்தப்பட்டிருந்த சரக்கு ஆட்டோக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

நான் சொல்ல வேண்டியிருந்தது மருந்து என்கிற ஒரே சொல். அதை எனக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

"ஏதாச்சும் சொல்றதா இருந்தாச் சொல்லுங்கம்மா" என்று தாளில் எழுதிக்கொண்டிருந்த காவலர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்."

கையெழுத்துப் போட்டேன். கேள்வித்தாளை இரண்டு முறை படிக்கச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டுகிறவள், அந்தத் தாளை ஒரு முறைகூடப் படிக்கவில்லை. வண்டியையும் லைசென்ஸையும் அங்கேயே விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் முதல் பீரியட் எடுத்தேன்.

சாயந்தரம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தபோது, தானாக ஊறும் ஆல்கஹால் இதில் உண்டு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. போலீஸ் நினைவு அப்போது வரவில்லை; பால் கொடுக்கிறோமே என்றுதான் பயந்தேன். குழந்தை மருத்துவரிடம் கேட்கவே மூன்று நாள் ஆனது. பயப்பட ஒன்றுமில்லை, இனி நிறுத்திவிடு என்றார். குடித்த உடனே ஊதினால் வாயில் தங்கியிருப்பதும் சேர்ந்து காட்டும், கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும் என்று பிறகு படித்தேன். என்னை யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இருந்ததா என்றே அப்போது தெரியாது.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் பள்ளிப் பிள்ளைகள் தினமும் அந்த ரோட்டைத்தான் கடக்கிறார்கள். ஆனால் அந்தச் சரக்கு ஆட்டோக்காரருக்கு உண்மையிலேயே இருமல் இருந்திருந்தால்?

கணவர் அந்தச் சனிக்கிழமை வந்து வண்டியை மீட்டார். லைசென்ஸ் இன்னும் வரவில்லை, பஸ்ஸில் போகிறேன். அத்தையிடம் வண்டி பழுது என்று சொல்லியிருக்கிறேன். விஷயம் தெரிந்தால் தன் கையால் ஊற்றிக் கொடுத்ததை நினைத்துக் கரைந்துபோவார். அவர் இன்னும் மூடியில் ஊற்றித் தருகிறார். நான் சமையலறைக்கு எடுத்துப் போய்த் தொட்டியில் கொட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறேன்.

"கோர்ட்டுல ஒத்துக்கிட்டு வந்துரு, ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்கிறார் கணவர் போனில். "நீ குடிக்கலன்னு எனக்குத் தெரியும்ல. அது போதாதா?"

போதவில்லை. ஒத்துக்கொண்டால் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவள் என்று என் பெயருக்கு எதிரில் எழுதிவிடுவார்கள். பள்ளிக்குத் தெரிந்தால் வேலை நிற்குமா என்று தெரியாது. மறுத்தால், அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பார்கள். அதைத்தான் நானும் ஒரு மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வரும் செவ்வாய்க்கிழமை ஆஜராக வேண்டும். கால்வாசி மருந்தோடு ஒரு பாட்டிலைப் பீரோவில் சேலைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் இப்படி நின்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: அதை எடுத்துப் போகட்டுமா? போனால், யாரும் சிரிக்காதபடி முதல் வார்த்தையை எப்படித் தொடங்குவது?