பரசூட்டின் மேல் உட்கார்ந்த காலை

அதன் பெயர் பராகிளைடர் என்று என் தம்பி நூறு தடவை சொல்லியிருப்பான். எங்கள் ஊரில் எல்லாருக்கும் அது பரசூட்தான். முதுகில் மோட்டரைக் கட்டி, தலைக்கு மேலே பெரிய துணியை எழுப்பி, மணலில் பத்துப் பன்னிரண்டு எட்டு ஓடினால் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். நாட்டில் சண்டை முடிந்து, வெள்ளைக்காரர்கள் கற்பிட்டிக் காற்றைத் தேடி வரத் தொடங்கிய பிறகு வந்த கூத்து இது. அதுவரை காற்று எங்களுக்கு வெங்காயப் பாத்தியில் மணலைக் கொட்டும் சனியனாக மட்டும்தான் இருந்தது.

தம்பி எத்தாளைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரனின் கபானா விடுதியில் படகு ஓட்டினான். இரண்டு பிள்ளைகளின் வாப்பா. வெள்ளைக்காரன் பறப்பதைப் பார்த்துப் பார்த்து இவனுக்கும் ஆசை வந்து, ஒரு வருசமாகப் பழகினான். நான் வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தேன். கபானாவிலிருந்து கிழிந்த துணிகள் என்னிடம்தான் வரும். அது போக, எனக்கு அறுந்த வலை பொத்தவும் தெரியும். எங்கள் வாப்பா மன்னாரில் இருக்கும்போதே வலைக்காரர். எங்கள் வீட்டில் பிள்ளைகள் எழுத்துப் படிக்க முன்னம் முடிச்சுப் போடப் படித்துவிடும்.

பறப்பதற்கு முன் அந்த வெள்ளைக்காரன் செய்யும் சோதனையைப் பார்க்க வேண்டும். துணியை விரித்து ஓரம் ஓரமாகத் தடவுவான். ஒவ்வொரு நூலையும் கீழிருந்து மேலே விரலால் நீவி, சிக்கு இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பான். கால் பட்டி, நெஞ்சுப் பட்டி, ஹெல்மட், விழுந்தால் விரிக்கும் அவசரக் குடையின் ஊசி எல்லாம் முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை. என்னைப் பெண் பார்க்க வந்த மாமிமார்கூட இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகும்போது எஞ்சின் கயிற்றை ஒரு இழுவை இழுப்பார்கள். பற்றினால் பிஸ்மி, பற்றாவிட்டால் தூஷணம். அதோடு சோதனை முடிந்தது.

தம்பி தனியாகப் பறக்கும் நாளுக்கு ஒரு கிழமை முன்னம், அஸர் தொழுகைக்குப் பிறகு, துணியைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். வெள்ளைக்காரன் கொழும்புக்குப் போயிருந்த நேரம் இவன் பழகப்போய், துணியின் பின் ஓரத்தில் இருக்கும், இழுத்தால் துணியைத் திருப்பும் பிரேக் நூல்களில் ஒன்று கருவாட்டுப் பந்தலின் ஆணியில் மாட்டி அறுந்துவிட்டது.

"ராத்தா, இத ஒருக்கா கட்டித் தாங்க. அவனுக்குத் தெரிஞ்சா என்னை இந்த வருசம் பறக்க விடமாட்டான்."

"கட்டினா அவன் கண்டுபிடிக்க மாட்டானா?"

"நீங்க கட்டினா ஆர் கண்டுபிடிக்கிற?"

இந்தக் கதையில்தான் நான் விழுந்தேன். புகழ்ச்சிக்கு மயங்காத ஆள் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பிசிறை வெட்டி, இரண்டு நுனியையும் சேர்த்து, வலையில் நாங்கள் போடும் முடிச்சைப் போட்டு, அதன் மேல் அதே நிற நூலைச் சுற்றிக் கொடுத்தேன். ஒரு ஆள் தொங்கிப் பார்த்தாலும் அறாது. எனக்கே என் கையை முத்த வேண்டும் போல இருந்தது.

அந்த நாள் வந்தது. காலையில் மெல்லிய காற்று. பார்க்க ஊரில் பாதி வந்திருந்தது. அன்றைக்குச் சோதனை முழுவதையும் தம்பியே செய்ய வேண்டும், வெள்ளைக்காரன் தள்ளி நின்று பார்ப்பான் என்று ஏற்பாடு. தம்பி எல்லா நூலையும் நீவினான். என் முடிச்சு வந்த இடத்தில் விரல் நிற்கவில்லை. எனக்கு அதில் பெருமை வேறு.

ஓடினான். துணி எழும்பி இடது பக்கம் சரிந்து விழுந்தது. காற்று என்றார்கள். மறுபடி ஓடினான். மறுபடியும் இடது பக்கம்தான். இந்தத் தடவை எழும்பிய துணியை நான் தையல்காரியின் கண்ணால் பார்த்தேன். பின் ஓரத்தில் ஓர் இடம் சுருங்கிக் கீழே இழுபட்டிருந்தது. நூலை இறுக்கி இழுத்துவிட்டால் பாவாடைக் கரை அப்படித்தான் சுருங்கும்.

நான் வெட்டிய பிசிறும் முடிச்சுக்குள் போனதும் சேர்த்தால் நாலு விரல் நூல். வலையில் நாலு விரல் குறைந்தால் மீனுக்குத் தெரியாது. அறாமல் இருந்தால் போதும் என்றுதான் எங்கள் ஆட்கள் முடிச்சுப் போடுவது. இங்கே அறாமல் இருந்தால் போதாது. மற்றப் பக்கத்து நூலும் இதுவும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது என் மரமண்டைக்கு அப்போதுதான் ஏறியது.

தம்பி மோட்டரை நிறுத்தி, மூன்றாம் தடவைக்குத் துணியை நேராக விரித்தான். நான் கத்தினேன். ஹெல்மட்டுக்குள் ஒன்றும் கேட்கவில்லை, கையை மட்டும் ஆட்டினான். வாழ்த்துகிறேன் என்று நினைத்திருப்பான். நான் ஓடிப்போய்த் துணியின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கம் விரித்த வலையைப் பெண்கள் கடந்து போனாலே ஆண்கள் முகம் கறுப்பார்கள். நான் ஏறி உட்கார்ந்தே விட்டேன். கரை முழுக்க ஒரே சத்தம். தம்பி ஹெல்மட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"எழும்புங்க ராத்தா! பைத்தியமா உங்களுக்கு?"

"எழும்ப மாட்டேன். நான் கட்டினது பிழை. நூல் கட்டையாப் போச்சு."

"எல்லாருக்கும் முன்னுக்கு மானத்த வாங்காதீங்க!"

"மானம் போனா போகட்டும். நீ போவாதே."

அழுதுகொண்டேதான் சொன்னேன். வெள்ளைக்காரன் வந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த நூலை எடுத்துக் காட்டினேன். அதே இடத்து வலது நூலை இதன் பக்கத்தில் வைத்து இழுத்துப் பார்த்தான். நாலு விரல் இல்லை, ஐந்து. முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "லஸ்ஸனய்" என்றான். அழகாம். பிறகு கத்தரியை எடுத்து அதை வெட்டினான். துணி ஒரு பக்கம் திரும்பியிருக்கும், புதிய ஆள் பயத்தில் மற்றப் பக்கத்தைக் கூடுதலாக இழுப்பான், கூடுதலாக இழுத்தால் துணி பறக்காமல் நின்றுவிடும், ஆள் கீழே என்று கையால் காட்டினான். தம்பி நெஞ்சுப் பட்டியைக் கழற்றத் தொடங்கினான்.

சரியான அளவு நூல் வெளிநாட்டிலிருந்து வரும்வரை தம்பி மண்ணில்தான் நடந்தான். பிறகு பறந்தான், இப்போதும் பறக்கிறான். முடிச்சைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊரார் முன்னால் துணியில் ஏறி உட்கார்ந்ததை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறான். பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தால் வட்டிலாப்பத்தைத் தின்றுகொண்டே அதைச் சொல்லி ஏசுவான். நான் இன்னொரு துண்டு வைப்பேன். ஏசட்டும். ஏசுவதற்கு அவன் இருக்கிறான்.