பஸ்ஸில் சட்டைப் பைக்குள் போன தச்சு கார்ட்

மனைவிக்கு போன் லைன் வேண்டுமாம்; இன்டர்நெட்டும் அதே லைனில்தான். அதற்குள் இதை நம் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பிவிடுகிறேன்.

இன்று எனக்குத் தச்சு வேலைக்கான தகுதி கார்ட் கிடைத்தது. இது இல்லாமல் பெரிய கட்டட சைற்றுகளில் இப்போது உள்ளே விடுவதில்லை. என்னோடு படித்த குமரனுக்கும் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் என் குடும்பத்துக்குத் தச்சு வேலைதான் தொழில். அவன் குடும்பம் எங்களை முற்றத்தோடு நிறுத்திவைத்த குடும்பம். கடல் கடந்து வந்த இங்கே, பயிற்சி வகுப்பில் இருவரும் ஒரே மேசையில் உளி பிடித்தோம். கதவுக்குப் பிணைச்சல் பொருத்த அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஈஸ்ட் ஹாம் பஸ்ஸில் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வந்தோம்.

"இனி ஆரும் எங்களைக் கேள்வி கேக்க ஏலாது, மச்சான்" என்றான்.

அடுத்த தரிப்பில், அவனுக்குப் பெண் கொடுக்கப் பேசியிருக்கும் மாமி ஏறினார். அவனுடைய கார்ட் சட்டைப் பைக்குள் போனது.

"எங்கை தம்பி போட்டு வாறியள்?"

"இவர் ஆசாரி வேலைக்குக் கார்ட் எடுக்க வந்தவர், மாமி. நான் சும்மா துணைக்குப் போனனான்."

மாமி என்னைப் பார்த்தார். "நீர் ஆற்றை மகன்?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். "ஓ" என்றார். அதன்பிறகு அவனோடு மட்டும்தான் பேசினார்.

மாமி இறங்கியதும் என் தோளில் கைபோட்டான். "குறை நினையாதை மச்சான். கலியாணத்துக்கு நீ கட்டாயம் வரவேணும்."

ஓம் என்றேன். சாப்பிடவா, மணவறை கட்டவா என்று கேட்கத்தான் மறந்துவிட்டேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?