ஓர் ஆள் கூடுதல்

பெட்டியின் ஜிப்பை இழுத்ததும் குளோரின் மணம் எழுந்து கூடத்தில் நின்றது. தங்கையின் கணவன் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அன்று அது. சாக்லேட், சோப்பு, போர்வை என்று அவன் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, எல்லாவற்றிலும் அந்த மணம் ஒட்டியிருந்தது. தங்கைக்கு அது தரை துடைக்கிற மருந்து. எனக்கு அது ஒரு படைத்தளம்.

அவன் இப்போது ரொட்டி சுடுகிற அதே உணவுக்கூடத்தில், அவனுக்கு முன்னால் நான் சில வருடங்கள் தட்டு கழுவியிருக்கிறேன். எந்த வேலையிலும் தங்காத என் கால்கள் அங்கே தங்கியதே அதிகம். செய்திகளில் அந்த நாட்டை நட்பு நாடு என்பார்கள். வெளி வாசலில் அந்த நாட்டுச் சிப்பாய்கள் நிற்பார்கள். நடு வாசலில் மூன்றாவது ஒரு நாட்டிலிருந்து சம்பளத்துக்கு வந்த காவலர்கள். உள் வாசலில்தான் கடல் தாண்டி வந்து தங்கியிருக்கிற விருந்தாளிப் படை. மண் ஒருவருடையது, துப்பாக்கி இன்னொருவருடையது, துடைப்பம் நம்முடையது.

உள்ளே போனால் அந்தப் படை பலவாகப் பிரிந்து கிடக்கும். பறப்பவர்கள் ஒரு பிரிவு. தரையில் நிற்பவர்கள் ஒரு பிரிவு. இருவருக்கும் எண்ணெயும் சோறும் மருந்தும் கொண்டு சேர்ப்பவர்கள் இன்னொன்று, அவர்கள்தான் கூட்டம். சுடுகிற ஒருவனுக்குப் பின்னால் சமைப்பவன், சம்பளம் போடுபவன், ரேடியோ பழுது பார்ப்பவன், பல் பிடுங்குபவன் என்று ஒரு தெருவே வரிசையில் நிற்கும். எல்லோருக்கும் மேலே ஒரு தலைமை. அந்தத் தலைமைக்கும் தலைமை, கடல் தாண்டி வேறொரு கண்டத்தில். படைக்காரன் தப்புச் செய்தால் அவனை அவன் நாட்டுச் சட்டம் கேட்கும். நாங்கள் செய்தால் அந்த மண்ணின் சட்டம்.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். தங்கை பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

“அந்தத் தளத்துல உள்ள அம்புட்டு பேரையும் யாரு கெட்டி மேய்க்கது?”

“நம்ம சபை மாதிரிதாம்ட்டி,” என்றான் அவன். “மேல பேராயர். அவருக்குக் கீழ மாவட்டம், அதுக்குக் கீழ சேகரம், அதுக்கும் கீழ சபை. ஒவ்வொரு சபைக்கும் ஒரு போதக ஐயரு. அவருக்க ஆட்டுக்குட்டிய எல்லாத்தையும் அவருக்குப் பேரோட தெரியும்.”

“அப்பம் நீங்க யாரு?”

“நானா? கோயில்குட்டி.”

எங்கள் ஆலயத்தில் மணியடித்து, பெருக்கி, பாய் விரிக்கிறவரை அப்படித்தான் சொல்வோம். தங்கை விடவில்லை.

“கோயில்குட்டிக்குச் சம்பளம் சபையில்லா குடுக்கும். உங்களுக்கு யாரு குடுக்கா?”

“அது ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு ஆள் புடிச்சுக் குடுக்கது வேற கம்பெனி. விசா அந்த ஊர்க்காரன் ஒருத்தனுக்க பேர்ல.”

“அப்பம் நீங்க கோயில்குட்டியும் இல்ல. கோயிலுக்கு வெளிய கெடக்க செருப்பு.”

எல்லோரும் சிரித்தோம். அவன்தான் அதிகம் சிரித்தான். சிரித்தபடியே மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டு என்னிடம் சொன்னான்.

“இப்பம் கேக் வேலை இல்ல மச்சான். ரொட்டியும் பன்னும்தான்.”

அவன் கைவேலையே கேக்கில் எழுதுவது. அந்தத் தளத்தின் பிள்ளைகளுக்கெல்லாம் கிரீமில் பேர் எழுதியவன் அவன். நீலத்தில் விமானம் வரைவான், ரோஜாவில் குதிரை வரைவான்.

“ஏன், பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வராதா?”

“பிள்ளைய எங்க இருக்கு? குடும்பத்தை எல்லாம் ஊருக்கு அனுப்பியாச்சு. ஸ்கூலும் பூட்டியாச்சு. தட்டு கூட இல்ல இப்பம், எல்லாம் அட்டைப்பெட்டி.”

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கேக் நின்று, தட்டு நின்று, அட்டைப்பெட்டி வந்த ஒரு பருவத்தை நானும் அங்கே கழித்திருக்கிறேன். உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாத நாட்களுக்கு ஒரு படை தயாராகும்போது, முதலில் தெரிவது அடுக்களையில்தான். மென்மையானவை எல்லாம் ஒவ்வொன்றாக விமானமேறும். பிறகு வானம் இரைய ஆரம்பிக்கும்.

“என்னண்ணா?” என்றாள் தங்கை.

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாமலா குழம்பு ஆறிப்போவுது? சொல்லுங்க. சைரன் அடிச்சா இவிய எங்க போவாவ?”

“மெஸ்ஸுக்குப் பக்கத்துலயே சிமெண்ட் அறை கெடக்குட்டி,” என்று அவன் முந்திக்கொண்டான்.

அந்த அறையை எனக்குத் தெரியும். ஒரு பயிற்சி நாளில் சைரன் ஊளையிட, கையில் சோப்பு நுரையோடு அதற்குள்தான் ஓடினேன். படைக்காரர்கள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வியர்வையும் துப்பாக்கி எண்ணெயும் மணத்தன. அவர்களுடைய அதிகாரி, மீசை முளைக்காத பையன் போலிருந்தவன், டார்ச் அடித்துத் தலைகளை எண்ணினான். ஓர் ஆள் கூடுதல். மறுபடி எண்ணினான். மறுபடியும் கூடுதல். கணக்கு சரியாகாமல் மேலே செய்தி சொல்ல முடியாது. மேலே சொல்லாமல் பயிற்சி முடியாது. வெளிச்சம் கடைசியில் என் முகத்தில் வந்து நின்றது. அவன் கோபப்படவில்லை. “மன்னிக்கணும் சார், நீங்க என் ஆள் இல்லை,” என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டான்.

எங்களுக்குக் குறித்த இடம் கிடங்குக்கு அப்பால் இருந்தது. தகரக் கூரை, சுவர் கிடையாது. வெயிலில் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் மேஸ்திரி போனில் பேசிக்கொண்டிருந்தான். என்னை யாரும் தேடியிருக்கவில்லை. அங்கே ஓர் ஆள் கூடியது தெரிந்தது. இங்கே ஓர் ஆள் குறைந்தது தெரியவில்லை.

இதை நான் சொல்லி முடித்ததும் தங்கை கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

“அது அப்பம் மச்சான்,” என்றான் அவன். “இப்பம் எல்லாம் மாறியாச்சு.”

“மாறிச்சா? நீ பாத்தியா?”

அவன் கை கழுவ எழுந்து போனான்.

விடுமுறை பாதி ஆகுமுன் போன் வந்தது. பேசியவர் அவனுடைய மேற்பார்வையாளர், மலையாளி. போனை மேசையில் வைத்துப் பேசியதால் எல்லோருக்கும் கேட்டது.

“எடா, வேகம் வா. ஆளு இரட்டியாயி. அடுப்பு அணைக்கான் நேரமில்ல.”

பிள்ளைகள் போன வீடுகளில் படை ஆட்கள் நிறைகிறார்கள். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் போனருகே குனிந்தாள்.

“சேட்டா, ஒண்ணு கேக்கட்டு. சைரன் அடிச்சா எனக்க வீட்டுக்காரரை எண்ணுகது யாரு?”

மறுமுனையில் ஒரு சிரிப்பு.

“அதொக்க கம்பெனி நோக்கும், சேச்சீ.”

“எந்தக் கம்பெனி?”

லைன் போய்விட்டது. தானாகப் போனதா, அவர் வைத்தாரா, தெரியாது.

“நீங்க போண்டாம்,” என்றாள் தங்கை.

“போவலைன்னா விசா கேன்சல். இத்தன வருஷ சர்வீஸுக்கு உள்ளதும் கெடைக்காது. தக்கலையில நின்னு பப்ஸ் விக்கச் சொல்லுதியா?”

“வித்தா என்ன? பப்ஸ் வெடிக்காதுல்லா.”

அவன் பெட்டியை இறக்கினான். குளோரின் மணம் மறுபடி கூடத்துக்கு வந்தது. இந்தமுறை எங்கள் நேந்திரங்காய் சிப்ஸும் மீன் ஊறுகாயும் அதற்குள் போயின.

இரணியல் ஸ்டேஷனில் திருவனந்தபுரம் போகும் ரயிலுக்கு நின்றோம். மழை வருவதுபோல் மேற்கே கறுத்திருந்தது, வரவில்லை. தென்னைகள் அசையாமல் நின்றன. எங்கோ மிக உயரத்தில் ஒரு விமானம் போகிற இரைச்சல். மூவரும் அண்ணாந்து பார்த்தோம், மேகம்தான் தெரிந்தது. தண்டவாளம் நடுங்க ஆரம்பித்தது.

அவன் ஏறி வாசலில் நின்றான். “வெப்ராளப்படாத, பயப்பட ஒண்ணும் இல்ல. அங்க எல்லாத்துக்கும் ஒரு முறை உண்டு,” என்றான்.

“அந்த முறையில நீங்க எங்க இருக்கிய?”

வண்டி நகர்ந்தது. அவள் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள், பிறகு ஓடினாள்.

“அந்தச் சிமெண்ட் அறைக்குள்ளயே போய் இருந்துக்கிடுங்க. ஆள் கூடுதல்னு சொன்னா சொல்லட்டும். வெளிய மட்டும் வந்திரப்பிடாது, கேட்டியளா?”